இருக்கிறேன் என்பதற்கொரு பொத்தான்

ரயில் எஞ்சினில் ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பொத்தான் உண்டு. சிறிது நேரத்துக்கு ஒருமுறை அவர் அதை அழுத்தியாக வேண்டும். தவறினால் எச்சரிக்கை ஒலி எழும். அதற்கும் அவர் அசையாவிட்டால் எஞ்சின் தானே பிரேக் போட்டு நின்றுவிடும். ஓட்டுநர் மயங்கினாலும் மாண்டாலும் பின்னால் அமர்ந்திருக்கும் பயணிகள் பிழைக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. எஞ்சின் பணிமனைகளில் பொறியாளனாகவே என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்ததால் அந்தப் பொத்தானின் மீது எனக்கு மரியாதை உண்டு. அதே தந்திரத்தைக் கைப்பேசிக்குள் புகுத்தி, தனியாக வாழும் முதியவர்களின் தலையில் கட்டுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என் தலையில் கட்டியவன் என் மகன். கனடாவில் வேலை பார்க்கிறான். என் மனைவி இறந்தபின் நான் தேனி மாவட்டத்துக் கூடலூரில், புதிதாக மனை பிரித்த பகுதியில் கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறேன். ஆளுயரச் சுற்றுச்சுவர்களுக்குப் பின்னால் குடியிருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாத தெரு; அதற்காகவே தேர்ந்தெடுத்த இடம். சென்ற விடுமுறைக்கு வந்தவன் என் கைப்பேசியை வாங்கி எதையோ ஏற்றினான்.

"தினம் காலைல இந்தப் பச்சை வட்டத்த ஒரு தட்டுத் தட்டுங்கப்பா. வேற ஒண்ணும் வேணாம்."

"தட்டலைன்னா?"

"ரெண்டு நாள் தட்டலைன்னா எனக்கு மெசேஜ் வந்துரும்."

"வந்து, அங்கன இருந்துக்கிட்டு நீ என்ன செய்வ?"

"ஏதாச்சும் செய்வேன்ல," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் அப்போதே விசாரித்திருக்க வேண்டும்.

சில வாரங்கள் தட்டினேன். ஒவ்வொரு முறையும் திரையில் ஒரு மஞ்சள் பூ விரிந்து, 'மிக நன்று, இன்றும் நலமாக இருக்கிறீர்கள்' என்று எழுத்து வரும். எனக்குக் கீழே நூற்றுக்கணக்கானோர் வேலை பார்த்திருக்கிறார்கள். அவர்களில் கடைநிலை ஊழியரைக்கூட நான் இந்தத் தொனியில் பாராட்டியதில்லை. ஓட்டுநர் அழுத்தும் பொத்தான் பிறர் உயிருக்குக் காவல். இதனால் யாருக்கு என்ன காவல்? நான் செத்துவிட்டேனா என்று நாள்தோறும் விசாரிக்கும் வேலையை மகன் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான். அதற்குப் பெயர் அக்கறை என்கிறார்கள். ஒருநாள் கைப்பேசியை அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இதில் மறதி எதுவும் இல்லை. அவன் பதறட்டும் என்றுதான் செய்தேன்.

இங்கே என் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவன் குமுளி சாலையில் எங்கள் பூர்வீகத் தோட்டத்திலேயே இருக்கிறான். எங்கள் தந்தை இறந்தபோது நான் வடக்கே பணியில் இருந்தேன். தந்தைக்குக் கொள்ளி வைப்பது மூத்தவனின் உரிமை. புறப்பட்டுவிட்டேன், காத்திருங்கள் என்று செய்தி அனுப்பியும் அவன் காத்திருக்கவில்லை. கோடை, உடம்பு தாங்காது என்றான். நான் வந்து இறங்கியபோது சாம்பல்தான் இருந்தது. கருமாதியன்று பந்தலில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: இனி இவனோடு பேச்சில்லை; நான் செத்தாலும் இவன் என் வாசலை மிதிக்கக்கூடாது. அவன் நிதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "செத்ததுக்குப் பெறகு தடுக்க நீங்க இருக்க மாட்டீகள்லண்ணே," என்றான். பந்தலில் சிலர் சிரித்தார்கள். அதுதான் எங்களுக்கிடையே நடந்த கடைசிப் பேச்சு. என் சொல்லை இந்த ஊர் இன்றுவரை மதித்து வந்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முறிந்த பங்காளி கல்யாணத்துக்கு வரமாட்டான். காய்ச்சல் கண்டால் எட்டிப் பார்க்கமாட்டான். ஆளனுப்பி நலம் விசாரிப்பதும் பேசியதாகவே கொள்ளப்படும். ஆனால் கேதத்துக்கு வருவான். சாவுக்கு அழைப்பு கிடையாது என்பதால் வருவதில் யாருக்கும் தோல்வியில்லை. மகன் இந்த ஊரில்தான் பிறந்தான். இருந்தும் இது தெரியாமல் அந்தச் செயலியில் தன் எண்ணுக்கு அடுத்தபடியாகச் சித்தப்பாவின் எண்ணைப் போட்டு வைத்திருந்தான். பக்கத்தில் இருப்பவர் அவர்தானே என்பது அவனுடைய கணக்கு.

மூன்றாம் நாள் காலை. உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணம். கஞ்சி போட்ட வேட்டி சட்டையுடன் வெளிக்கதவைப் பூட்டத் திரும்பினேன். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப் ஒன்று தெருவுக்குள் வந்தது. அதற்குள்ளிருந்து ஒப்பாரிச் சத்தம்.

"எங்க பெரியத்தான், தங்கமே, ஊரு மெச்சப் படிச்ச ராசா, ஒத்தையில போயிட்டீகளே..."

தம்பி மனைவியின் குரல். பல ஆண்டுகளாக என்னைக் கண்டால் முந்தானையை இழுத்துக்கொண்டு தெருமாறிப் போகிறவள் என்னைத் தங்கமே என்று அழைத்ததை அன்றுதான் கேட்டேன். ஜீப் நின்றது. அவள் முதலில் இறங்கினாள். நான் நிற்பதைப் பார்த்தாள். பாட்டு நடுவிலேயே நின்றுபோயிற்று. பின்னால் பங்காளிகள் இறங்கினார்கள். கடைசியாகத் தம்பி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் ரோஜா மாலையோடு.

பங்காளிகளில் மூத்தவர், எங்களுக்குப் பெரியப்பா முறை, கண்ணுக்கு மேல் கையை வைத்து என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏப்பா, நீதானா?"

"நான்தான், பெரியப்பா."

"இருக்கியா?"

"இருக்கேன்."

"பெறகு எதுக்குடா எங்கள இம்புட்டுத் தூரம் ஓட்டியாந்த?" என்று தம்பியின் பக்கம் திரும்பினார்.

தம்பி என்னைப் பார்க்காமல் அவரிடமே பேசினான். "நானா ஓட்டியாந்தேன்? ரெண்டு நாளா ஆளு தகவல் இல்ல, நேர்ல போயிப் பாருங்கன்னு போனுக்கு வந்துச்சு. அடிச்சா அணைச்சுக் கெடக்கு. மகனும் அங்கனயிருந்து போயிப் பாருங்க சித்தப்பான்னு அழுகுறான். உசுரோட இருக்காகளான்னு பாக்க நான் இந்த வாசலுக்கு வர முடியுமா? கேதம்னாத்தான் வர முடியும். அதான் கேதமாவே வந்தேன்."

"பெரியப்பா," என்றேன், "உயிரோட இருக்கவன் வாசலுக்கு மாலையோட வர்றதுக்கு என்ன முறைன்னு கேளுங்க."

"போன அணைச்சுப் பீரோவுல வைக்கிறதுக்கு என்ன முறையாம், அதையும் கேளுங்க பெரியப்பா."

"பீரோவிலன்னு இவனுக்கு யாரு சொன்னது?"

"சொல்லணுமா. சின்னப்புள்ளையில கோவம் வந்தா பம்பரத்தக் கொண்டுபோயி எங்கன வச்சுப் பூட்டுவாகன்னு எனக்குத் தெரியாதா."

பின்னால் நின்றவர்களில் ஒருவன் சிரிப்பை இருமலாக மாற்றினான். எதிர்வீட்டு மாடியில் ஆட்கள் தெரிந்தார்கள். பெரியப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "என்னையத் தறிநாடாவாட்டம் நடுவுல போட்டு நெய்யாதீகடா. வெயில் ஏறுது," என்றார்.

கதவு திறந்தே இருந்தது. நான் அதன் குறுக்கே நின்றேன். யாரையும் வாங்க என்று சொல்லவில்லை. வயதில் மூத்தவரை வாசலில் நிறுத்தி வைத்தது முறையல்ல என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அவரை அழைத்தால் பின்னால் நிற்பவனையும் அழைத்ததாகும். தம்பி மாலையைப் பார்த்தான். சாவுக்கு வாங்கிய மாலையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகக்கூடாது. உயிரோடிருப்பவன் வீட்டில் வைக்கவும் கூடாது. தெருமுனை வாய்க்காலில் வீசிவிட்டு ஜீப்பில் ஏறினான். போய்வருகிறேன் என்று அவனும் சொல்லவில்லை, மற்றவர்களும் சொல்லவில்லை.

அவர்கள் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. கேத வீட்டில் வந்தவரை வாங்க என்பதில்லை. போகிறவர் போய்வருகிறேன் என்பதில்லை. என் சாவுக்கு எது முறையோ அது வாசலில் ஒரு குறைவுமின்றி நடந்து முடிந்திருந்தது. வேட்டியை அவிழ்த்துப் போட்டுத் தலைமுழுகினேன். கல்யாணத்துக்குப் போகவில்லை.

அதற்குப் பின் கடைத்தெருவில் என்னைக் கண்டவர்கள் சற்று நீண்ட நேரம் பார்த்தார்கள். சொன்ன சொல்லைக் காத்தேனா, இழந்தேனா என்பதே அவர்களுக்குள் வழக்கு. மிதிக்கக்கூடாது என்றேன், அவன் வாசல்வரை வந்தான், மிதிக்கவில்லை. கேட்டவர்களுக்கு இதைத்தான் சொன்னேன். கேட்காதவர்கள் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும்.

கைப்பேசியை எடுத்துத் திறந்ததும் மகன் அழைத்தான். முதலில் அழுதான், பிறகு கோபப்பட்டான், பிறகு இறங்கிவந்தான். "சரிப்பா, சித்தப்பா நம்பர எடுத்துர்றேன். வேற யாரு நம்பரப் போடட்டும்?"

யோசித்தேன். எதிர்வீட்டுக்காரர் நான் ஒருநாள் அரைமணி தாமதித்தாலும் மணியடித்துவிட்டு, தெருவுக்கே அறிவித்துவிட்டுப் போவார். அல்லிநகரத்து மைத்துனர் பழப்பையோடு வந்து இறங்கினால் ஒரு வாரம் உட்கார்ந்து உபதேசம் செய்வார். தேனியில் என்னோடு படித்தவர் ஒருவர் இருக்கிறார். என்னைப் பரிதாபமாகப் பார்ப்பதற்கென்றே காத்திருக்கிறார். என் உடம்பில் உயிர் இருக்கும்வரை என்னைத் தொந்தரவு செய்யாதவன், எட்டிப் பார்க்காதவன், நலம் விசாரிக்காதவன் இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவன்தான் இருக்கிறான்.

"அந்த நம்பரே இருக்கட்டும்," என்றேன்.

"அப்பா, அன்னைக்கு நடந்தது பத்தாதா?"

"இருக்கட்டும்னு சொன்னேன்ல."

செத்தபின் தடுக்க நான் இருக்கமாட்டேன் என்று பந்தலில் அவன் சொன்னது உண்மைதான். ஆனால் இருக்கும்வரை தடுக்கலாம். காலையில் காபிக்கு முன் பச்சை வட்டத்தைத் தட்டிவிடுகிறேன். மஞ்சள் பூ விரிகிறது. இன்றைக்கு அவன் வரமுடியாது.