எழுதாத கட்டுரைக்குப் பதின்மூன்று

கோதுமை மாவைக் காய்ச்சிய பசையின் புளித்த வாசம் மூக்கில் ஏறினால், யாரோ என் கட்டுரையைத் திருத்துகிறார்கள் என்று இந்த வயதிலும் தோன்றுகிறது. கண்டியில் நான் எட்டாம் வகுப்புப் படித்த வருடம், யாழ்ப்பாணத்து இராசநாயகம் சேர் இருபதுக்குப் பதினாறு போட்ட கட்டுரைக்கு அக்குறணை ரஹீமா டீச்சர் ஏழு போட, பெற்றோர் படையெடுத்து வந்தார்கள். பள்ளி அதிபர் ஓர் ஒழுங்கு செய்தார்: மாதிரிக் கட்டுரைகளை இருவரும் ஒன்றாக இருந்து திருத்திப் பழக வேண்டும், பிறகு ஒருவர் போட்ட புள்ளியைப் பழுப்புத்தாள் துண்டொன்றை, "பட்டி"யை, அந்தப் பசையால் ஒட்டி மறைத்து மற்றவருக்கு அனுப்ப வேண்டும், இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மட்டும் அதிபர் வாசிப்பார். "வித்தியாசம் இல்லாட்டி பிழையும் இல்ல" என்பது அவருடைய வேதவாக்கு.

இரண்டு பள்ளித் தவணைக்குள் வித்தியாசம் அடியோடு ஒழிந்தது. பட்டியை உரித்தால் அதே எண். ஓரக்குறிப்பிலும் அதே சொற்கள். போகப்போக சேரின் சாய்ந்த எழுத்தும் டீச்சரின் உருண்டை எழுத்தும் எங்கோ பாதிவழியில் சந்தித்து ஒன்றாகிவிட்டன.

மூன்றாம் தவணைத் தலைப்பு, "என் அம்மா". அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போய் மூன்று வருடம். அவர் போன அன்று காலையில் கலஹாவில் பஸ் ஏறியவர் என்னைத் திரும்பிப் பார்த்தாரா என்பது எனக்கு நினைவில்லை. அதையே யோசித்துக்கொண்டிருந்துவிட்டு, தாளில் என் பரீட்சைச் சுட்டெண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தேன். தமிழ்ப் பாடத்தில் "பெயில்" என்றால் அதே வகுப்பில் இன்னொரு வருடம்.

பதின்மூன்று வந்தது. பட்டிக்குக் கீழும் பதின்மூன்று. எழுதியபோதெல்லாம் பதினொன்றைத் தாண்டாதவன் நான்.

பயந்துபோய்ச் சேரிடம் நீட்டினேன். "நான் ஒண்ணுமே எழுதலீங்க, சேர்."

அவர் கண் வெற்றுத்தாளில் இடமிருந்து வலமாக, வரிவரியாக ஓடியது. "வடிவா எழுதியிருக்கிறாய். பஸ் ஏறின இடத்திலதான் கொஞ்சம் அவசரப்பட்டிட்டாய்."

பஸ்ஸைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. டீச்சரிடம் ஓடினேன். அவரும் தாளைப் புரட்டினார். "என்ன மகன், ரெண்டு பக்கம் இருக்கே. அந்த பஸ் எடம் மட்டும் அவசரம்."

"டீச்சர், அம்மா திரும்பிப் பாத்தாங்களா?"

இரண்டாம் பக்கத்தை மெதுவாக, கடைசி வரை வாசித்தார். "அதத்தான் நீங்க எழுதல்லயே. எழுதியிருந்தா இன்னும் போட்டிருப்போம்."

அம்மா மறுவருடமே வந்தார், பல காலம் இருந்தார். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இன்று அவரும் இல்லை, திருத்திய இருவரும் இல்லை, அந்தத் தாளும் இல்லை. நானும் இப்போது விடைத்தாள் திருத்துகிறவன். வெற்றுத்தாளுக்குப் பூச்சியம் என்பதில் எங்கள் குழுவில் எவருக்கும் வித்தியாசமில்லை. ஆனாலும் போடுமுன் கடைசிப் பக்கம் வரை ஒருமுறை வாசித்துப் பார்க்கிறேன். இதுவரை ஒன்றும் தெரியவில்லை. பயிற்சி போதாது போலும்.