வைரம் எத்தனை இருக்குது?

பதினொரு வயதில் நான் ஒரு கருவூல அதிகாரியாக இருந்தேன். சம்பளம் கிடையாது. அதிகாரமும் கிடையாது. வைரம் மட்டும் குவிந்து கிடந்தது.

இதைக் கேட்டுவிட்டு எங்கள் குடும்பத்தைப் பற்றி யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. மலையாள எல்லைக்குள் தமிழ் பேசுகிற வடகரப்பதிப் பக்கத்தில் நாலு மாடு, கொஞ்சம் தென்னை, கொஞ்சம் தக்காளி, ஒரு போர்வெல் என்று வைத்துக்கொண்டு, அந்த போர்வெல் மோட்டார் எந்த நேரத்தில் மக்கர் பண்ணுமோ என்று பயந்துகொண்டிருந்த குடும்பம்தான். வைரங்கள் இருந்தது அம்மாவின் போனுக்குள்.

அது ஒரு சீட்டு விளையாட்டு. மிருகங்களும் மந்திரவாதிகளும் படம் போட்ட சீட்டுகளைச் சேர்த்து, நமக்கென்று ஒரு கட்டு அமைத்து, எங்கோ உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஒருவனோடு மோத வேண்டும். தினமும் உள்ளே நுழைந்து எட்டிப் பார்த்தாலே கொஞ்சம் வைரம் கொடுப்பார்கள். ஜெயித்தால் இன்னும் கொஞ்சம். வைரத்தைக் கொடுத்தால் புதுச் சீட்டு. வைரத்தைக் காசு போட்டும் வாங்கலாம். ஆனால் அதை அப்பாவிடம் போய்க் கேட்கிற அளவுக்கு எங்கள் வீட்டில் வீரர்கள் யாரும் பிறக்கவில்லை.

கணக்கு அக்காவுடையது. அவளுக்குக் கொள்கைகள் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொட்டலத்தை வாங்கக் கூடாது. சீட்டின் முதுகுக்கு ஜிகினா வாங்கக் கூடாது. கட்டில் எது குறைகிறதோ அதை மட்டும்தான் வாங்க வேண்டும், அதையும் ஒரு வாரம் யோசித்த பிறகு. ஒரு வாரம் யோசித்தால் எந்தச் சீட்டும் வேண்டாம் என்றுதான் தோன்றும். அப்படிச் சேர்ந்த வைரம் அது.

பிளஸ் டூ முடித்ததும் அவள் எண்ட்ரன்ஸ் கோச்சிங்குக்குத் திருச்சூருக்குப் போனாள். கிளம்புகிற அன்று, பஸ் வருவதற்கு முன்னால், என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தெனமும் உள்ள போய் வைரத்தை எடுத்து வெச்சிரு. ஆடறதுன்னா ஆடிக்க. செலவு மட்டும் பண்ணுனீன்னா கையை முறிச்சுப் போடுவேன்."

இப்படித்தான் எனக்குப் பதவிப் பிரமாணம் நடந்தது.

ஹாஸ்டலில் எல்லாருடைய போனையும் வார்டன் வாங்கிப் பூட்டி வைத்துவிடுவாராம். சாயங்காலம் ஆறரை மணிக்குக் கொடுத்து ஏழு மணிக்குத் திரும்ப வாங்கிக்கொள்வாராம். எனவே ஆறரை ஆனதும், அம்மா மாட்டுக் கொட்டகையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, போன் அடிக்கும்.

"வைரம் எத்தனை இருக்குது?"

நான் சொல்வேன். அதோடு வைத்துவிடலாம் இல்லையா? வைக்க மாட்டாள். அம்மா என்ன பண்ணுகிறாள், என்ன குழம்பு, செவலை கன்று போட்டுவிட்டதா, மழை வந்ததா, மோட்டார் ஓடுகிறதா. கருவூலத்துக்குத் துளியும் சம்பந்தமில்லாத கேள்விகள். போலீஸ்காரர்கள் கேட்டதையே சுற்றிச் சுற்றிக் கேட்டுப் பொய்யைப் பிடிப்பார்கள் என்று வகுப்பில் ஒருவன் சொல்லியிருந்தான். அக்காவும் அந்த வழியில்தான் என் நேர்மையைச் சோதிக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். உஷாராகப் பதில் சொன்னேன். குழம்பைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னதில்லை.

ஹாஸ்டல் பெண்கள் அக்காவின் மலையாளத்தைக் கேட்டுச் சிரிக்கிறார்களாம் என்று அம்மா ஒருநாள் சொன்னாள். அக்காவின் மலையாளம் சிரிப்பாகத்தான் இருக்கும். நானும் சிரித்தேன்.

இந்தச் சமயத்தில்தான் கொம்பன் வந்தது.

சீட்டின் படத்தில் இருந்தது உடம்பெல்லாம் சடை தொங்கும் ஏதோ பனிக்காலத்து யானை. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அது கொம்பன். ஒரே வாரம்தான் விற்பனை, அப்புறம் கிடைக்காது என்று போட்டிருந்தது. ரேஷன்கடைக்காரர் மகன் முதல் நாளே அப்பாவின் காசில் வாங்கிவிட்டு, வகுப்பில் யானை நடை நடந்தான். "உங்கிட்ட இருக்குதாடா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். அவன் கேட்ட தினுசை எந்தக் கருவூல அதிகாரியும் பொறுத்துக்கொள்ள மாட்டான். என்னிடம் இருந்த வைரத்துக்கு அந்த யானையைத் தாராளமாக வாங்கலாம். தொடத்தான் முடியாது.

அன்று ஆறரை மணிக்கு மனுவைச் சமர்ப்பித்தேன்.

"எதுக்குடா அது? எட்டுச் சக்தி சேர்ந்தாத்தான் அதை எறக்க முடியும். அதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிரும்."

"எறக்கிட்டா எவனும் நிக்க முடியாதுக்கா."

"எறக்கறதுக்குள்ள நீ நிப்பியாடா?"

எட்டு வரை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அவளே சொன்னாள்: "செரி, யோசிச்சுச் சொல்றேன். நாளைக்குப் பேசலாம்."

மறுநாள் மானப் பிரச்சினையாக வாதாடினேன். யோசிக்கிறேன் என்றாள். அதற்கும் மறுநாள், வைரத்தைச் சேர்ப்பதே செலவழிக்கத்தானே என்று தத்துவம் பேசினேன். நாளைக்கு என்றாள். அடுத்த நாள் எனக்குக் காய்ச்சல் என்றேன். "காச்சலுக்கு ஆனை வைத்தியமா?" என்று கேட்டுவிட்டு, நிஜமாகவே காய்ச்சலா, அம்மா தொட்டுப் பார்த்தாளா என்று விசாரித்துப் பாதி நேரத்தைத் தின்றாள்.

சிபாரிசுக்கு அப்பாவிடம் போனேன். அவர் போனை வாங்கி, "அம்முணி, பையன் ஆனை வாங்கோணுங்கறான். வாங்கறது கெடக்கட்டும், தீனி யாரு போடறது?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார். அந்தப் பக்கம் அக்கா சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. போன் என் கைக்குத் திரும்பி வந்தபோது அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சளிடா," என்றாள்.

"ஆவி புடிக்கா," என்றேன். "கொம்பனுக்கு என்ன சொல்றே?"

"நாளைக்கு."

என்னை வதைப்பதில் அவளுக்கு ஒரு சுகம் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். இல்லாவிட்டால் வேண்டும், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட மாட்டாளா?

கடைசி நாள். நள்ளிரவோடு கொம்பன் காட்டுக்குத் திரும்பிவிடும். ஆறரை ஆயிற்று, போன் வரவில்லை. முக்கால் ஆயிற்று. கொட்டகையிலிருந்து அம்மா பால் கேனோடு வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரு செத்துப் போனா?" என்று கேட்டாள். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அடித்தது.

பின்னணியில் ஒரே கூச்சல். நாலைந்து பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி, "வேகம் வாடீ, சாயா தீரும்!" என்று மலையாளத்தில் கத்தினாள். அக்கா அதைவிட உரக்க மலையாளத்தில் ஏதோ திருப்பிக் கத்தினாள். பிறகுதான் என் ஞாபகம் வந்தது.

"ஆங், சொல்லுடா."

"கொம்பன், அக்கா. இன்னிக்குத்தான் கடைசி."

"வாங்கிக்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான். எல்லாத்தையும் போட்டு வாங்கிக்க. வெக்கட்டா?"

வைத்துவிட்டாள். குழம்பு கேட்கவில்லை, மாடு கேட்கவில்லை. என் வாதத் திறமை அப்படி என்று நினைத்தேன். ஒரு வாரம் விடாமல் இடித்ததில் கோட்டை விழுந்துவிட்டது. பின்னாளில் வக்கீலாகலாம் என்றுகூட அன்று ராத்திரி யோசித்தேன். நல்லவேளை, நீதித்துறை தப்பித்தது.

கொம்பனை வாங்கினேன். முதல் மூன்று ஆட்டங்களில் அது கையிலேயே இருக்க, நான் கீழே விழுந்தேன். நாலாவது ஆட்டத்தில் எப்படியோ இறக்கினேன். எதிராளி ஒரு சின்ன மந்திரச் சீட்டைப் போட்டு அதைக் கோழிக்குஞ்சாக மாற்றிவிட்டான். இருந்தாலும் களத்தில் அது வந்து நின்ற அழகை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். மறுநாள் ஆறரை மணிக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டாள். என்னிடம், "படிக்கறயாடா?" என்று கேட்டாள். வைரத்தைக் கேட்கவில்லை.

அதிகாரி மேல் அத்தனை நம்பிக்கை வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற, காலியான கருவூலத்தைத் தினம் தினம் மறுபடி நிரப்பினேன். ஓணம் லீவுக்கு வந்தவளிடம் பெருமையாக எடுத்து நீட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "அட, இன்னுமா இதை ஆடறே?" என்றாள்.

அந்த விளையாட்டை எந்தப் போனிலும் திறக்கலாம். பேரும் கடவுச்சொல்லும் அவளுடையவைதான். வார்டன் கொடுத்த அந்த அரை மணி நேரத்தில், வைரம் எத்தனை இருக்கிறது என்று அவளே ஒரு நொடியில் பார்த்திருக்கலாம். அத்தனை உஷாராக இருந்த அதிகாரிக்கு இது மட்டும் தோன்றவில்லை.

இப்போது நான் கொச்சியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. அறையில் இருக்கிற மற்ற மூவரும் என் மலையாளத்தை எனக்கே நடித்துக் காட்டுகிறார்கள். நேற்றும் சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டு, மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டேன். ஓடுகிறது என்றார். தண்ணீர் எப்படி வருகிறது, சத்தம் ஏதும் மாறியிருக்கிறதா, செவலையின் பேத்தி தீனி தின்கிறாளா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, போனை வைக்காமலே அவர் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது:

"புது மோட்டார் வாங்கி நாலு மாசங்கூட ஆகலெ. தெனமும் கூப்புட்டு அதையே கேக்கறான். நம்மள நம்ப மாட்டேங்கறான் பாரு."