மறுபதிப்பு வரைபடத்தில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு

எண்பதுகளில் ஒரு மே மாதக் காலை, தூத்துக்குடியில் திருச்செந்தூர் பேருந்து ஏறினேன். நாற்பது கிலோமீட்டர்தான், ஆனாலும் உப்பளங்களின் வெள்ளையில் கண் கூசி, பாதி வழியிலேயே அலுத்துவிட்டது. ஆலந்தலைக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் ஆசிரியராக இருக்கும் நண்பர் சூசை அவசரமாக வரச்சொல்லியிருந்தார். காரணம் நான்தான். பழைய கடற்கரை வரைபடம் ஒன்றின் மறுபதிப்பைச் சென்னையில் வாங்கி, ஊர் வரலாறு எழுதும் அவருக்கு அனுப்பியிருந்தேன்.

அருமையான படம் அது! கடலுக்குள் முத்து விளையும் பாறைத் திட்டுகளான பார்களைக்கூடப் புள்ளி புள்ளியாகக் காட்டியிருந்தது. சூசையின் கண்ணோ கரையிலிருந்த ஒரு சின்ன வட்டத்தில் விழுந்துவிட்டது: நல்ல தண்ணீர்க் கிணறு, பக்கத்திலேயே அவர் ஊரின் பெயர். ஊர்ப் பெண்கள் அடுத்த ஊரில் கெஞ்சித் தண்ணீர் எடுத்துவருகிறார்கள், சும்மா இருப்பாரா? ஓர் அங்குலம் ஒரு மைல் என்று படத்தில் எழுதியிருந்ததை நம்பி, மாதா கோயிலிலிருந்து அடிக்கோலால் அளந்து, ஒரு மைல் தெற்கே ஆள் வைத்துத் தோண்டினார். வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர் வந்தது.

"படம் பாத்து தண்ணி குடிக்கிறவரு வாராருலே!" என்று, நான் போய் இறங்கிச் சூசையோடு நடக்கையில், வலை உலர்த்தியவர்கள் சிரித்தார்கள். சூசையின் முகம் சிறுத்துப்போனது.

"இன்னொரு மட்டம் தப்பாச்சுன்னா ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது அண்ணாச்சி."

படத்தை வாங்கிப் பார்த்தேன். மூலையில் அளவுக்கோடும் வரைந்திருந்தது. ஒரு மைல் என்று போட்ட அந்தக் கோடு அடிக்கோலில் அரை அங்குலம்தான் வந்தது. மறுபதிப்பில் படத்தைப் பாதியாகச் சுருக்கியவர்கள், எழுத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்போ ரெண்டு மைலா?" சூசை செருப்பை மாட்டிக்கொண்டார்.

நடந்தோம். கிணறு இருந்தது. அடுத்த ஊருக்குள், குடங்களின் வரிசையோடு. இவர்கள் தினமும் கெஞ்சும் அதே கிணறு! வரிசையின் கடைசியில் சூசையின் மனைவி அந்தோணியம்மாள் நின்றிருந்தார். படத்தில் இந்தக் கிணறு தங்கள் ஊர்ப் பெயரில் இருக்கும் விஷயத்தை அவர் காதில் சொன்னோம்.

"நம்ம கெணத்துல எடுக்கவா இம்புட்டு நாளா காத்துக் கெடக்கேன்?"

"மெதுவாப் பேசுளா. எல்லார்ட்டயும் காட்டட்டுமா?"

அந்தோணியம்மாள் வரிசையைப் பார்த்தார். "காட்டுங்க. ரெண்டு ஊரும் வெட்டிக்கிட்டுச் சாவட்டும். நாளைக்கு ஒரு குடந் தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

சூசை படத்தைச் சட்டைக்குள் செருகினார். முறை வந்ததும் அந்த ஊர்ப் பெண்ணொருத்தி கயிற்றை நீட்ட, "நல்லாருப்ப தாயி" என்று அந்தோணியம்மாள் வாங்கிக்கொண்டார்.

மாலையில் பேருந்து கிளம்பும்போது, சூசை ஜன்னல் வழியாகப் படத்தை என்னிடமே நீட்டினார்.

"கொண்டு போயிருங்க அண்ணாச்சி. பள்ளிக்கூடத்துல கெடந்தா, பிள்ளைங்க படிச்சிரும்."