சுருங்கிய வீடு

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் அந்த வீட்டுக்குள் ஒருக்களித்துத்தான் நுழைகிறேன். கைகளை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகின்றன. சுரங்கத்தில் ஆளை இறக்கும் கேஜ் கூண்டின் அகலத்துக்குக் கட்டியது என்றார் ஆட்டோக்காரர். அண்ணன் தம்பி சண்டையில் மிஞ்சிய சந்து என்றார் டீக்கடைக்காரர்.

வீட்டுக்காரம்மா ஸ்டெல்லா சிரிக்கிறார். "அதெல்லாம் கதை சார். எங்க மாமனாரு வூட்ட விக்கப் பாத்தாரு. நல்ல வெலைக்குப் போவட்டும்னு, தரைக்கு அடியில தங்கம் ஓடுதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாரு."

"யாராச்சும் வாங்க வந்தாங்களா?"

"இன்னாத்துக்கு வாங்கணும்? ரெண்டு பக்கத்து வூட்டுக்காரங்களும் செவுத்த இடிச்சிக் கட்டறப்பெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா இந்தப் பக்கம் தள்ளிக் கட்டிக்கினாங்க."

"அவங்களுக்காவது கெடச்சுதா?"

"கரையான் கெடச்சுது."

"அப்ப தங்கமே இல்லையா?"

"இருந்தா நான் ஏன் சார் தெனமும் பெங்களூரு ரயில்ல நின்னுக்கினே போறேன்?"

நியாயம்தான். சொல்லிக்கொண்டு கிளம்புகிறேன். வாசலைத் தாண்டுமுன் என் குதிகால் தானாகவே தரையை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறது.

"வர்றவங்க எல்லாரும் அங்கதான் தட்டறாங்க," என்கிறார் ஸ்டெல்லா. "அந்த எடத்துல மட்டும் சிமெண்ட்டே நிக்க மாட்டேங்குது."