அட்டை என்னிடம், முடிவு அவரிடம்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஆடி முடிந்து ஆவணி பிறந்திருந்த சமயம். மாதனூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தது இது. இன்று நினைத்தாலும் எனக்கு அழுகை வரும், கூடவே சிரிப்பும் வரும்.

நான் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் சாயங்காலம் அதே பஸ்ஸில் வந்து இறங்குவேன். எனக்கு ஜோடி சேர்க்கும் வேலை. இடது ஷூவையும் வலது ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தோலின் நிறமும் சுருக்கமும் தையலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து ஒரே பெட்டியில் போட வேண்டும். நாள் முழுக்க இதைச் செய்துவிட்டு வரும் பெண் வீட்டில் சீரியல் பார்ப்பாள் என்றுதானே நினைப்பீர்கள்? நான் பழைய தமிழ் காமிக்ஸ் வாங்குவேன், விற்பேன். என் புத்தகங்கள் எல்லாம் ஷூ பெட்டிகளில்தான் இருக்கின்றன. ஈரம் ஏறாமல் இருக்க, ஷூவோடு போடும் சின்ன வெள்ளைப் பொட்டலம் ஒவ்வொரு பெட்டியிலும் உண்டு.

காமிக்ஸ் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ரொம்ப நாள் என்னை எல்லோரும் 'சார்' என்றுதான் கூப்பிட்டார்கள். முகப்பில் பூனைப் படம் வைத்திருந்தேன், நானும் திருத்தவில்லை. முதல் தடவை வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவரிடம் புத்தகம் கொடுக்கப் போனபோது, அவர் எனக்குப் பின்னால் என் வீட்டுக்காரரைத் தேடினார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று சொன்னதும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

இந்தப் பைத்தியம் என் அண்ணனிடமிருந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, ஆம்பூரில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் கட்ட வைத்திருந்த பழைய பேப்பர் கட்டிலிருந்து ஒரு தடியான காமிக்ஸ் மலரை அவர் உருவிக்கொண்டு வந்தார். ஒரு திருடனைத் தேடிப் போய், கலங்கரை விளக்கத்தில் மாட்டிக்கொண்ட ஒரு துப்பறிவாளரின் கதை. அவர் படிக்கட்டில் ஏறி உச்சிக்குப் போய் கதவைத் தட்டுகிறார். கதவு திறக்கிறது. அதோடு புத்தகம் முடிந்துவிடும். கடைசிப் பதினாறு பக்கம் கழன்று போயிருந்தது. கதவைத் திறந்தது யார் என்று நானும் அண்ணனும் ஆளுக்கொரு முடிவு சொல்லிச் சண்டை போட்டே வளர்ந்தோம்.

வளர்ந்து லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் பைபாஸில் விபத்தில் சிக்கினார். உயிர் பிழைத்தார். ஆனால் தலையில் பட்ட அடி அவருடைய பேச்சைப் பிடுங்கிக்கொண்டது. தண்ணீர் வேண்டும் என்றால் 'சாவி' என்பார். தப்பாகச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியும், அதனால் கண் கலங்குவார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்மணி, "அவருக்குப் புடிச்சத சத்தமா படிக்க வைங்க. அவர் சொல்ல வேண்டிய வார்த்தைய நீங்க சொல்லிடாதீங்க" என்றார்.

அண்ணன் கையில் எடுத்தது அந்தக் கலங்கரை விளக்கத்தைத்தான். ஒரு வரி படிக்க எவ்வளவோ நேரம் ஆகும். அவர் திக்கும்போது நானோ அம்மாவோ பொறுக்காமல் அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவோம். எங்களுக்குத்தான் கதை மனப்பாடமாயிற்றே! அவருக்குக் கோபம் வரும். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். கடைசிப் பக்கம் வந்ததும் நடப்பதைத்தான் பார்க்க முடியாது. மீதிப் பக்கம் எப்போதுமே இருந்ததில்லை என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தேடுவார். தலையணையைத் தூக்கிப் பார்ப்பார், கட்டிலுக்கு அடியில் குனிவார். அப்புறம் வாயை மூடிக்கொண்டால் அன்று முழுக்கப் பேச்சு கிடையாது. கொஞ்ச நாளில் பயிற்சியே வேண்டாம் என்று கையை ஆட்ட ஆரம்பித்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. எப்படியாவது அந்தப் பதினாறு பக்கத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

குழுவில் கேட்டேன். குடியாத்தத்தில் பவர்லூம் வைத்து லுங்கி நெய்யும் ஒருவரிடம் அதே மலர் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அவருடைய புத்தகத்தில் அட்டையையும் முன்பக்கங்களையும் கரையான் தின்றுவிட்டது. கடைசிப் பதினாறு பக்கம் மட்டும் அப்படியே இருந்தது. திருடன் யார் என்று அவருக்குத் தெரியும், எதைத் திருடினான் என்று தெரியாது!

போன் செய்து போட்டோ அனுப்பச் சொன்னேன். "அதெல்லாம் அனுப்ப மாட்டேம்மா. நாளைக்கே எவனாவது கலர் பிரின்ட் போட்டு ஒரிஜினல்னு வித்துடுவான்" என்றார். ஜெராக்ஸ் எடுத்தால் கண்ணாடியில் வைத்து அமுக்குவார்கள், புத்தகத்தின் முதுகு உடைந்துவிடும் என்றார். கொரியரும் கூடாதாம். அண்ணன் கதையைச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. எங்கள் வட்டத்தில் விலையைக் குறைக்க எல்லோர் வீட்டிலும் யாராவது ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். அந்த வரிசையில் என் அண்ணனையும் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

"பாதிக்குப் பாதி பேரம்தான். சம்மதம்னா வர்றேன்" என்றார் அவர்.

அது எங்களுக்குள் இருக்கும் ஒரு வழக்கம். ஒரே புத்தகத்தின் இரண்டு துண்டுகள் இரண்டு பேரிடம் இருந்தால், பக்கம் எத்தனை என்றாலும் ஒவ்வொன்றும் ஒரு பாதிதான்; அட்டை வைத்திருப்பவர் ஒரு விலை சொல்ல வேண்டும். அந்த விலைக்குத் தன் பாதியைக் கொடுத்துவிடுவதா, இல்லை அதே விலையைக் கொடுத்து எதிராளியின் பாதியை எடுத்துக்கொள்வதா என்பதை மற்றவர் முடிவு செய்வார். சொன்ன பிறகு மறுபேச்சு கிடையாது. அட்டை என்னிடம் இருந்ததால் விலை சொல்ல வேண்டியவள் நான். குறைத்துச் சொன்னால் அவரே வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் போனஸ் பணத்தை மனதில் வைத்து, என் சக்திக்கு மீறிய ஒரு விலையை முடிவு செய்து வைத்திருந்தேன். அந்தத் தொகைக்கு யாரும் பாதிப் புத்தகம் வாங்க மாட்டார்கள், கொடுக்கத்தான் செய்வார்கள் என்று கணக்குப் போட்டேன். அம்மாவுக்குத்தான் சந்தேகம். "இருக்கறதும் கைய வுட்டுப் போய்டப் போவுதுடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். புது லுங்கித் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதைப் போல அந்தப் பக்கங்களைக் கொண்டுவந்தார். காபி குடித்தார். அண்ணன் உள் அறையில் இருந்தார், கதவைச் சாத்தி வைத்திருந்தேன்.

"இன்னாம்மா, வெலய சொல்லு."

"மூவாயிரம்ணா."

அவர் காபி டம்ளரைத் தள்ளி வைத்தார். "எடுத்துக்கறேன்மா. உன் பாதிய கொண்டா" என்றார்.

என் கெட்டிக்காரத்தனம் என் தலையிலேயே விழுந்தது. முடிவைத் தேடிப் போய் ஆரம்பத்தையும் தொலைத்துவிட்டேன். முடியாது என்று சொல்லியிருந்தால் அவர் என்னை அடிக்கப் போகிறாரா? ஆனாலும் எங்கள் வட்டத்தில் சொன்ன சொல் மாறினால் அப்புறம் யாரும் நம்மிடம் பேச மாட்டார்கள். எழுந்து போய் உள் அறைக் கதவைத் திறந்தேன்.

எங்கள் முன்னால் பயிற்சி வேண்டாம் என்ற அண்ணன், கட்டிலில் தனியாக உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார். "க... கத... கதவு... தி... திறந்..." என்று ஒவ்வொரு எழுத்தாக இழுத்து முடித்தார். பக்கத்தைப் புரட்டினார். ஒன்றும் இல்லை. தலையணையைத் தூக்கினார்.

நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். குடியாத்தத்துக்காரர் எனக்குப் பின்னால் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. அவர் என்னைத் தாண்டிப் போய் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். லுங்கித் துணியைப் பிரித்து, தன் பக்கங்களை எடுத்து, அண்ணன் கையிலிருந்த புத்தகத்தின் முடிவில் பொருத்தி வைத்தார்.

"படி தம்பி" என்றார்.

அண்ணன் பார்த்தார். விரலை வைத்தார். படிக்க ஆரம்பித்தார்.

அந்தப் பதினாறு பக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அண்ணன் திக்கியபோது எடுத்துக்கொடுக்க எனக்கோ அம்மாவுக்கோ வார்த்தை இல்லை. வேறு வழியில்லாமல் காத்திருந்தோம். எல்லாம் தெரிந்தவர் குடியாத்தத்துக்காரர் ஒருவர்தான். அவரோ உதட்டை இறுகக் கடித்துக்கொண்டு, வாயில் கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படிக்காதவன் முன்னால் கதையை உடைப்பதைவிடப் பெரிய பாவம் எங்களுக்குக் கிடையாது. கதவைத் திறந்தது யார் என்ற இடம் வந்தபோது அண்ணன் ரொம்ப நேரம் முட்டினார். ஒரு கட்டத்தில் தானே அந்தப் பெயரை முழுசாகச் சொல்லி, தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சின்ன வயதில் சொன்ன முடிவு தப்பு, அவர் சொன்னதுதான் சரி! விபத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். (யார் திறந்தது என்று உங்களுக்கும் சொல்ல மாட்டேன். படிக்காதவர்கள் இருப்பீர்கள்.)

முடிந்ததும் குடியாத்தத்துக்காரர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு கிளம்புவார் என்று நினைத்தேன்.

"தம்பி, இவன் எதத் திருடினான்? எனக்கு அது தெரியாது. மொதல்லருந்து படிக்கிறியா?" என்றார்.

அண்ணன் முதல் பக்கத்துக்குப் போனார். இரண்டாவது வரியில் திக்கியதும் அம்மா பழக்க தோஷத்தில் வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தாள். அவர் திரும்பி, "யம்மா, சும்மா இரும்மா. ஒடைக்காத" என்று எரிந்து விழுந்தார். அம்மா ஆடிப்போய் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அதன்பின் அவர் அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அப்புறம்?" என்பார். வார்த்தை வரும்வரை இருப்பார். மறுபடியும் "அப்புறம்?" என்பார். விபத்துக்குப் பிறகு அண்ணனைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பாவம் பார்த்துத்தான் அவர் பேச்சைக் கேட்டார்கள். உண்மையிலேயே அடுத்து என்ன என்று தெரிந்துகொள்ளக் கேட்டவர் இவர் ஒருவர்தான். மதியச் சாப்பாடும் எங்கள் வீட்டிலேயே ஆயிற்று. கதை முடிந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது.

கிளம்பும்போது மூவாயிரத்தை எடுத்து நீட்டினார். நான் கும்பிட்டு, வேண்டாம் என்றேன்.

"வாங்கலன்னா பேரம் முடிஞ்ச மாதிரி ஆவாது. ரூலு ரூலுதாம்மா. புக்கு என்னுது" என்று பணத்தை அம்மா கையில் வைத்தார். புத்தகத்தை மட்டும் எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "எங்க வூட்ல கரையான் ஜாஸ்தி. இங்கயே இருக்கட்டும். வந்து படிச்சிக்கறேன்" என்றார். நான் ஏதோ சொல்ல வருவதற்குள் ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

அன்று இரவே மைதா பசை காய்ச்சி இரண்டு பாதியையும் ஒட்டினேன். அவருடைய பக்கங்கள் ஒரு சாயல் கூடப் பழுப்பு. எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு ஜோடி வந்தால் ஒதுக்கித் தள்ளிவிடுவோம்.

அவர் சொன்னபடியே வந்தார், இன்னும் வருகிறார். அண்ணன் இப்போது சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறார், கடைக்குப் போய்ச் சாமான் கேட்டு வாங்கி வருகிறார். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தவருக்கும் அதில் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஒருநாள் மனசு கேட்காமல் குடியாத்தத்துக்காரரிடமே கேட்டேன், அன்றைக்கு அண்ணனைப் பார்த்துப் பாவப்பட்டுத்தான் புத்தகத்தை விட்டுப் போனீர்களா என்று. "பாவமா? முப்பது வருசமா அவன் இன்னாத்தத் திருடினான்னு தெரியாம பேஜாரா இருந்தேன்மா. உங்க அண்ணன்தான் எனக்குச் சொன்னான்" என்றார். அது முழு உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவர் முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நல்ல விலை வந்தால் என் புத்தகங்களில் எதையும் நான் விற்றுவிடுவேன். ஆனால் எனக்குச் சொந்தமே இல்லாத அந்த ஒன்றைத்தான், தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் பெட்டியைத் திறந்து, பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பஸ் ஏறுகிறேன்.