சாமந்தி மாலை

இன்று காலை காரைக்கால் கடைத்தெருவில் துலுக்கச் சாமந்தியின் காரமான வாசம் மூக்கில் ஏறியதும், எங்கள் குடும்பம் பிழைக்கப் போயிருந்த சைகோனில் நான் இரண்டாம் வகுப்பில் சேர்ந்த நாளின் கோபம் அப்படியே திரும்பி வந்தது. சண்டை ஓய்ந்து கொடி மாறியிருந்த வருஷங்கள் அவை. புதுப் பள்ளியாண்டை முரசடித்துத் தொடங்குவார்கள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை கழுத்தை அறுக்க, டீச்சருக்கு ஆளுக்கொரு பூங்கொத்தோடு முற்றத்தில் வரிசையாக நிற்போம். எங்கள் அம்மாவுக்குக் கொத்துக் கட்டத் தெரியாது. விடியலிலேயே சந்தையில் சாமந்தி வாங்கி, வாழைநாரை நனைத்து நனைத்து, நெருக்கமாக ஒரு மாலை கட்டிக் கொடுத்தாள். வாத்தியாருக்கு மாலைதானே மரியாதை!

நான் எம்பிப் போட்ட மாலையைப் பாம்பை உதறுவதுபோல் உதறினாள் டீச்சர். "செத்தவங்களுக்கு வைக்கிறத எனக்குப் போடுறியா?" என்று வியட்நாமியத்தில் கத்தி, அதைக் குப்பைக்கூடையில் எறிந்து, என்னைக் கடைசி வரிசைக்குத் தள்ளினாள். "இது எங்க ஊர் வழக்கமில்லம்மா" என்று அவள் ஒரு சின்னப் பிள்ளையிடம் நல்லவிதமாகச் சொன்னால் வாய் வலிக்குமா? மேடையில் படமாக இருந்த தலைவரும் செத்துப்போனவர்தானே, அவர் படத்துக்குக் கீழே குவிந்த பூ மட்டும் எப்படி மங்களமாயிற்று?

வாசலில் நின்ற அம்மா விறுவிறுவென்று உள்ளே வந்தாள். கூடையிலிருந்து மாலையை எடுத்து, தூசி தட்டி, என் கழுத்தில் போட்டாள். வியட்நாமியம் சரளமாகப் பேசுகிறவள், வேண்டுமென்றே தமிழில் சொன்னாள்: "எம் புள்ள உசுரோடதான் நிக்குது. நல்லாப் பாத்துக்க."

கடைசி மணி அடிக்கும்வரை நான் அதைக் கழற்றவில்லை.