அவர்களுக்கும் ஒரு கை எள்ளுந் தண்ணீரும்

எங்கள் ஐயா இல்லாமல் ஓராண்டு போய்விட்டது. திவசத்துக்கு வரும் உங்கள் கையில் கொடுக்கும் இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர் அக்கா. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கிரேக்கச் சரக்குக் கப்பல்களிலும் ஜெர்மன் உணவகங்களிலும் அலைந்தவன். ஐயாவோடு ஒரே வீட்டில் நெடுநாள் இருந்தது மொன்றியல் நகரத்துக் கோட்-டெ-நெய்ஜில், அவருடைய கடைசி ஆண்டுகளில்தான். தெரிந்ததை எழுதுகிறேன்.

ஐயா பிறந்தது திருகோணமலையில். தகப்பனை இளவயதில் இழந்து, பிரிட்டிஷ் கடற்படைத் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். போர்க்காலத்தில் நீர்மூழ்கிகளின் வால்வுகளைத் திருத்துவது அவர் வேலை. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. திருத்திய கப்பல் முதன்முறை மூழ்கிப் பார்க்கும்போது, திருத்தியவர்களும் உள்ளே இருக்க வேண்டும். ஐயா பல தடவை போயிருக்கிறார். பயமில்லையா என்று கேட்டால், "பயமிருந்தாத்தான் திருகாணி இறுகும்" என்பார்.

ஒரு கப்பலில் மட்டும் அவர் போகவில்லை. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் கட்டிய பழைய நீர்மூழ்கி அது. அதன் மாலுமிகள் ஐயாவோடு சிகரெட் பகிர்ந்து குடித்தவர்கள். வால்வைத் திருத்திப் பூட்டிய மறுநாள் ஐயாவுக்கு மலேரியாக் காய்ச்சல். அவர் இல்லாமலே மூழ்கிப் பார்த்து, கப்பல் புறப்பட்டுவிட்டது. திரும்பி வரவில்லை. போர்க்காலத்தில் எந்தக் கப்பல் எங்கே என்று யாரும் கேட்க முடியாது. சுமாத்திராப் பக்கம் மூழ்கிவிட்டதாகத் தொழிலாளர்களுக்குள் ஒரு பேச்சு வந்தது. ஐயா அதை நம்பினார். தன் வால்வுதான் விட்டுக்கொடுத்தது என்றும் நம்பினார்.

அதன்பிறகு ஒவ்வோர் ஆடி அமாவாசையிலும் தன் தகப்பனுக்கு எள்ளுந் தண்ணீரும் இறைத்துவிட்டு, "தண்ணிக்குள்ள போனவையளுக்கும்" என்று இன்னொரு கை இறைப்பார். அம்மா, அந்த நாளுக்கென்றே சமைக்கும் கசப்பான காத்தோட்டிக்காய்க் கறியோடு அவர்களுக்கும் ஓர் இலை படைப்பார். வெள்ளைக்காரர் போனதும் துறைமுக வேலை போயிற்று. கலவரத்தில் வீடு எரிந்தது. அகதி முகாமில் அம்மா இறந்தார். அந்த ஒரு கை மட்டும் நிற்கவில்லை. அக்கா மொன்றியலுக்கு அழைத்த பிறகு, நகரின் லசீன் பக்கத்து ஆற்றங்கரையில் செய்தார். பக்கத்து வீட்டு அடுப்பைத் திருத்தினாலும், அதில் தேத்தண்ணீர் கொதித்து வரும்வரை அங்கேயே இருந்துவிட்டுத்தான் வருவார்.

ஐயாவின் இருதய வருத்தம் முற்றிய கோடையில், அக்காவின் மகள், தாதியாக வேலை செய்பவள், அந்தக் கப்பலின் பெயரைக் கணினியில் தேடினாள்.

"மாமா, அம்மப்பாவின்ர கப்பல் தாழவேயில்லை."

அவள் வாசித்துச் சொன்னாள். வட இங்கிலாந்தில் கட்டியது. சீனக் கடலில் ஆண்டுக்கணக்காக நின்றது. மத்தியதரைக் கடலில் குண்டடி பட்டது. திருகோணமலையிலிருந்து போய், நீர்மூழ்கி வேட்டை பழகும் கப்பல்களுக்கு வேட்டைப்பொருளாக ஓடியது. போர் முடிந்ததும் தென்னாபிரிக்காவில் உடைத்து இரும்பாக விற்றார்கள்.

அக்கா ஐயாவின் அறைக்கதவைச் சாத்தினார். "சொல்லாதை. இவ்வளவு காலமாச் செய்தது பிழையெண்டு சாகப்போற மனுசனுக்குச் சொல்லுறதே?"

"தன்ர கையாலதான் செத்தாங்கள் எண்டு நினைச்சபடி போகட்டுமோ?" என்றேன் நான்.

அக்கா கதவிலிருந்து கையை எடுத்தார். நான் போய்ச் சொன்னேன்.

"வால்வு பிடிச்சதோ?"

"பிடிச்சது ஐயா."

"ஒருத்தரும் தாழேல்லையோ?"

"ஒருத்தரும் இல்லை."

"உயிரோட திரிஞ்சவங்களுக்கெல்லோ உன்ர கொம்மா காத்தோட்டிக்காய் படைச்சவ! பாவங்கள், வருசா வருசம் புரைக்கேறியிருக்கும்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, பிறகு அழுகையாயிற்று. அம்மாவை எரித்த அன்றும் அழாதவர்.

வாசலில் நின்ற அக்கா, "அப்ப இனி விடுவமோ ஐயா?" என்று கேட்டார். 

"ஏன் விடுவான்? இப்ப அவங்களும் கிழடாகிச் செத்திருப்பாங்கள். சொல்லை மட்டும் மாத்துங்கோ. கரைக்கு வந்தவையளுக்கு எண்டு சொல்லுங்கோ."

அந்த அமாவாசை வருமுன் ஐயா போய்விட்டார்.

அவரைத் தூக்கி இருத்திய தாதிமாருக்கும், வைத்தியரிடம் எங்களுக்காகப் பிரெஞ்சில் கதைத்தவர்களுக்கும், செத்தவீட்டுக்குச் சோறும் கறியும் கொண்டுவந்த உறவுகளுக்கும், எங்கள் நன்றி. காத்தோட்டிக்காய் தேடி டொரன்டோவிலிருந்து பஸ்ஸில் அனுப்பும் மச்சானுக்கும்தான்.

வரும் ஆடி அமாவாசைக்கு லசீன் ஆற்றங்கரையில் நான் நிற்பேன். முடிந்தவர்கள் வாருங்கள். முதற்கை எங்கள் ஐயாவுக்கு. அடுத்தது, கரைக்கு வந்தவர்களுக்கு.